டிசைனில் பொருந்தாத தமிழும் ஒன்றும் சொல்லாத பத்தியும்: ஒரு மாணவியின் கேள்வி

கேள்வி: இணையதள வடிவமைப்புப் பயிற்சியில் சேர்ந்து படிக்கும் மாணவி நான். பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல், அதன் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் இரண்டும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. ஒரு சிறிய நூலகத்துக்கு ஐந்து பக்க இணையதளம் செய்து, அதற்கான உள்ளடக்கத்தையும் நாங்களே எழுத வேண்டும் என்று பயிற்சி வேலை கொடுத்தார்கள். ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் நான் செய்த டிசைனை எல்லோரும் பாராட்டினார்கள். அதில் தமிழைப் போட்டதும் எல்லாம் போச்சு. பட்டனுக்கு வெளியே எழுத்து வழிந்தது, தலைப்பு மூன்று வரிக்கு ஓடியது, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒன்றுக்கொன்று உயரம் மாறி நின்றன. சரி, எழுத்தாவது நன்றாக வந்திருக்கிறதா என்றால், படித்த ஆசிரியர் "தமிழ் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒன்றுமே சொல்லவில்லையே" என்கிறார். டிசைன், எழுத்து இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதில் மட்டும் கவனம் செலுத்தலாமா? ஏஐ கருவிகளே எழுதித் தரும் காலத்தில் உள்ளடக்கம் எழுதக் கற்பது வீண் வேலையா? முகப்புப் பக்கத்துக்கு எழுதிய பத்தியையும் அதன் கோட் வரிகளையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

இரண்டு பிரச்சினைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. பக்கத்தில் என்ன சொல்லப்போகிறோம் என்று முடிவாகும் முன்பே உங்கள் பக்கம் தயாராகிவிட்டது. அப்புறம் காலியாக இருந்த இடங்களுக்கு எழுத்து தேவைப்பட்டது. இடத்தை நிரப்ப எழுதினீர்கள். அளவெடுக்காமல் சட்டையைத் தைத்துவிட்டு, ஆளைக் கூப்பிட்டு உள்ளே நுழையச் சொன்ன மாதிரிதான். தையலிலும் குறையில்லை, ஆளிடமும் குறையில்லை.

டிசைன் செய்யும்போது கட்டங்களில் லோரம் இப்சம் என்ற, இடத்தை நிரப்ப மட்டும் போடும் எழுத்தைப் போட்டிருந்தீர்கள். அது கிமு 45-இல் ரோமானிய அறிஞர் சிசரோ எழுதிய லத்தீன் நூலிலிருந்து துண்டு துண்டாக வெட்டி, பொருள் தராதபடி கலைத்த பகுதி. 1960-களில் லெட்ராசெட் என்ற, தேய்த்து ஒட்டும் எழுத்துத் தாள்கள் வழியாகப் பரவி, 1980-களில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளோடு கணினிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அச்சுத் தொழிலில் எழுத்தின் தோற்றத்தை மட்டும் பார்ப்பதற்கு அது சௌகரியம். வெப் டிசைன் பழகுகிறவருக்கு அது கொஞ்சம் ஆபத்தான நண்பன். எந்தக் கட்டத்துக்கும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வெட்டிப் போடலாம், அது எதிர்த்துப் பேசாது. உங்கள் டிசைனில் மூன்று கட்டங்களிலும் சரியாக இரண்டிரண்டு வரிகள் இருந்தன. நிஜ உள்ளடக்கம் அப்படி நடந்துகொள்ளாது. ஒரு புத்தகத்தின் பெயர் ஒரே சொல்லாக இருக்கும், அடுத்ததன் பெயர் ஒன்பது சொல்லாக இருக்கும், மூன்றாவதற்கு அட்டைப்படமே கிடைக்காது. டிசைன் செய்யும்போதே இந்த மூன்றையும் போட்டுப் பார்த்திருந்தால், கட்டத்தின் உயரத்தைப் பூட்டி வைத்தது தப்பு என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பட்டனை எடுத்துக்கொள்வோம். கோட் வரிகளில் அதற்கு அகலம் 120 பிக்சல், உயரம் 40 பிக்சல் என்று கட்டிப்போட்டிருக்கிறீர்கள். லத்தீன் சொல் அதற்குள் வசதியாக உட்கார்ந்தது. நீங்கள் பிறகு எழுதியதோ "உறுப்பினராகப் பதிவு செய்துகொள்ளவும்". விகுதிக்கு மேல் விகுதி சேர்ந்து சொல் நீள்வது தமிழின் இயல்பு, அதைப் பட்டனுக்காக மாற்ற முடியாது. சிஎஸ்எஸ் மட்டும் தெரிந்தவர் என்ன செய்வார்? அகலத்தை எடுத்துவிட்டு எழுத்தைச் சுற்றி நான்கு பக்கமும் பேடிங் என்ற உள் இடைவெளி கொடுப்பார், உயரத்துக்குப் பதில் குறைந்தபட்ச உயரம் வைப்பார். சரியான வேலைதான், நீங்களும் அதைச் செய்யத்தான் வேண்டும். எழுத மட்டும் தெரிந்தவர் என்ன செய்வார்? "உறுப்பினராகுங்கள்" என்று ஒரே சொல்லில் முடிப்பார். அதுவும் சரி. ஆனால் பட்டனை அமுக்கியதும் என்ன வருகிறது என்று பார்த்தேன். விண்ணப்பத்தை இறக்கிக்கொள்ளும் பக்கம் வருகிறது. யாரும் அங்கே உறுப்பினர் ஆகிவிடுவதில்லை. தாளை நிரப்பி நேரில் கொடுக்க வேண்டும். அப்படியென்றால் பட்டனில் இருக்க வேண்டியது "விண்ணப்பப் படிவம்". எந்த இடத்தில் டிசைனை வளைப்பது, எந்த இடத்தில் வாக்கியத்தை வெட்டுவது, எந்த இடத்தில் சொல்லவந்த விஷயத்தையே மாற்றுவது என்பதை இரண்டும் தெரிந்தவர்தான் ஒரே பார்வையில் முடிவு செய்ய முடியும். ஒன்றை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: இப்போது விடாதீர்கள். பிற்பாடு வேலையில் ஏதாவது ஒரு பக்கம் அதிகமாகச் சாய்வீர்கள், அது தானாக நடக்கும்.

இனி உங்கள் பத்தி.

"எங்கள் நூலகத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். வாசகர்களின் அறிவுப் பசியைத் தீர்க்கும் உயரிய நோக்கத்துடன் தொடங்கப்பட்ட எங்கள் நூலகம், பல்வேறு துறைகளைச் சார்ந்த எண்ணற்ற நூல்களைக் கொண்டு தரமான சேவையை வழங்கி வருகிறது. வாசகர்களின் திருப்தியே எங்கள் குறிக்கோள்."

ஒரு பிழை இல்லை. ஒற்றுகூட எல்லாம் சரியாக மிகுந்திருக்கிறது, இந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம். ஆனால் "நூலகம்", "வாசகர்", "நூல்" என்ற சொற்களை எடுத்துவிட்டு "மருத்துவமனை", "நோயாளி", "சிகிச்சை" என்று போட்டுப் படியுங்கள். அறிவுப் பசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும். எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் வாக்கியம் எந்த நிறுவனத்தைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. ஆசிரியர் சொன்னது அதைத்தான். "எண்ணற்ற" என்ற சொல்லைப் பாருங்கள். நூலகத்தில் பதிவேடு இருக்கும், அதில் எண்ணும் இருக்கும். கேட்டால் சொல்லியிருப்பார்கள்.

இப்படி எழுதலாம்:

"காலை 9 முதல் இரவு 8 வரை திறந்திருக்கும். திங்கட்கிழமை விடுமுறை. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து படிக்கலாம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக மட்டும் உறுப்பினராக இருக்க வேண்டும். ஒரே நேரத்தில் 3 புத்தகங்களை 14 நாள் வைத்திருக்கலாம்."

எண்கள் உதாரணத்துக்காக நான் போட்டவை, நூலகத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பத்தியில் இருந்த கம்பீரம் இதில் இல்லை, உண்மைதான். ஆனால் போனை எடுத்து இந்தப் பக்கத்தைத் திறக்கும் ஆள் கம்பீரத்தைத் தேடி வரவில்லை. இன்றைக்குப் போனால் திறந்திருக்குமா என்று பார்க்க வருகிறார். இணையத்தில் யாரும் உட்கார்ந்து வரிக்கு வரி படிப்பதில்லை. இணையப் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், 79 சதவீதம் பேர் புதிதாகத் திறந்த பக்கத்தைக் கண்ணால் மேய்ந்தார்கள், 16 சதவீதம் பேர் மட்டுமே சொல்லுக்குச் சொல் படித்தார்கள். பழைய ஆய்வுதான், போனில் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிற காலத்துக்கு முந்தையது. இப்போது நம் பொறுமை கூடியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் பெரும்பாலான மாணவர்கள் வரவேற்புரைக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். எழுத்துத் திறமை குறைவு என்பதைவிடத் தகவல் குறைவு என்பதே அங்கே பெரிய காரணம். நூலகத்துக்கு நேரில் போங்கள். தலைவரையோ செயலாளரையோ பார்த்தால் நிறுவன வரலாறு கிடைக்கும். அது வேண்டும், ஆனால் கடைசியில் வேண்டும். முதலில் பார்க்க வேண்டியது அங்கே போனை எடுத்துப் பதில் சொல்கிறவரை. தினமும் ஜனங்கள் என்ன கேட்கிறார்கள் என்று அவரிடம் விசாரியுங்கள். புத்தகத்தைத் தொலைத்துவிட்டால் என்ன செய்வது, போனிலேயே தவணையை நீட்டிக்க முடியுமா, குழந்தைக்குத் தனி அட்டை உண்டா, சொந்த லேப்டாப் கொண்டுவரலாமா என்று அவர் கொட்டுவார். அவர் சொல்லும் வரிசையும் முக்கியம். அடிக்கடி வரும் கேள்விதான் முதலில் அவர் வாயில் வரும். முகப்புப் பக்கத்தின் வரிசை கிட்டத்தட்ட அதுவேதான்.

அவர்கள் பழைய அறிவிப்புகளை வேர்டு ஃபைலில் கொடுத்தால் ஒன்று கவனியுங்கள். பாமினி போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்ததாக இருந்தால், அதை எடுத்துப் பக்கத்தில் ஒட்டியதும் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வரும். எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்துமுறை பரவலாகும் முன்பு தமிழ் இணையதளங்கள் பட்ட பாடு அது. தளத்துக்குத் தளம் வேறு வேறு ஃபான்ட்டை இறக்க வேண்டியிருந்தது, தேடினாலும் எதுவும் கிடைக்காது. மாற்றித் தரும் கருவிகள் இப்போது இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள், அங்கங்கே எழுத்து பிசகியிருக்கும்.

எழுதி முடித்ததும் ஃபிக்மா பக்கம் போக வேண்டாம். எல்லாவற்றையும் வெறும் எச்டிஎம்எல்லில் போடுங்கள். தலைப்பு, பத்தி, பட்டியல், லிங்க், அவ்வளவுதான். ஒரு வரி சிஎஸ்எஸ்கூட வேண்டாம். அப்படியே பிரவுசரில் திறந்து படியுங்கள். அழகாக இருக்காது. ஆனால் வந்தவருக்குத் தேவையானது அதிலேயே கிடைத்துவிட்டால் உங்கள் தளத்தில் முக்கால் பங்கு முடிந்துவிட்டது. இது நான் கண்டுபிடித்த வழியும் இல்லை, வெப் வளர்ந்த வழியே அதுதான். டிம் பெர்னர்ஸ் லீ 1989-இல் சேர்ன் ஆய்வகத்தில் யோசனையை முன்வைத்தார். 1991 வாக்கில் வெளியுலகுக்கு வந்த பக்கங்களில் தலைப்பும் பத்தியும் லிங்க்கும்தான் இருந்தன. ஹோகோன் வியும் லீ சிஎஸ்எஸ்ஸை முன்மொழிந்தது 1994-இல், அதன் முதல் தரநிலை வந்தது 1996 டிசம்பரில். சேர்னின் அந்த முதல் தளத்தை இன்றும் பார்க்கலாம். பிரவுசர் ஜன்னலைச் சுருக்கிப் பாருங்கள், வரிகள் தாமாகவே மடங்கி உள்ளே நிற்கும். எச்டிஎம்எல் இயல்பாகவே வளைந்துகொடுக்கும், நாம்தான் பிக்சல் கணக்கில் கட்டி அதை விறைப்பாக்குகிறோம்.

வெறும் எச்டிஎம்எல்லில் பார்க்கும்போது இன்னொரு குட்டும் வெளிப்படும். "நூலக நேரம்" என்பதை எச்4 (நான்காம் நிலைத் தலைப்பு) ஆகவும், அதற்குக் கீழே வரும் "விடுமுறை நாட்கள்" என்பதை எச்2 (இரண்டாம் நிலைத் தலைப்பு) ஆகவும் போட்டிருக்கிறீர்கள். காரணம் புரிகிறது, எச்4-இன் அளவு அந்த இடத்துக்குப் பார்க்க நன்றாக இருந்திருக்கும். தலைப்பு எண் எழுத்தின் அளவைக் குறிப்பதில்லை, எதற்குள் எது அடக்கம் என்பதைக் குறிக்கிறது. பார்வையற்றவர்கள் பலர், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்க்ரீன் ரீடரில் தலைப்பு தலைப்பாகத் தாவித்தான் பக்கத்தைப் புரிந்துகொள்கிறார்கள். அளவைச் சிஎஸ்எஸ்ஸில் பார்த்துக்கொள்ளலாம். அதே ஆட்கள் லிங்க்குகளை மட்டும் தனியாகப் பட்டியல் எடுத்தும் கேட்பார்கள். உங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்டால் "இங்கே கிளிக் செய்யவும், இங்கே கிளிக் செய்யவும், இங்கே கிளிக் செய்யவும்" என்றுதான் வரும். எங்கே போகிறது என்பதையே லிங்க்காக எழுதுங்கள்: "புதிய வரவுகள்", "விடுமுறைப் பட்டியல்". படங்களுக்கு ஆல்ட், அதாவது படத்துக்குப் பதில் வாசிக்கப்படும் விளக்கம், எழுதுவதும் உள்ளடக்கம் எழுதும் வேலைதான். "படம்1" என்பதை எடுத்துவிட்டு, "வாசிப்பு அறை: நீள மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு நாற்காலிகள்" என்று படத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். வெறும் அலங்காரப் படம் என்றால் ஆல்ட்டைக் காலியாக விடுங்கள், ஆனால் ஆல்ட் என்ற குறிப்பையே எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் சில ஸ்க்ரீன் ரீடர்கள் ஃபைல் பெயரை உரக்கப் படிக்கும்.

அதன் பிறகு டிசைனுக்கு வாருங்கள். இப்போது கையில் நிஜத் தமிழ் இருக்கிறது, அதை வைத்தே அளவெடுங்கள். தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும். ஒரு வரியில் "பூ", அதற்கு நேர் கீழே அடுத்த வரியில் "கீ" வந்தால், கீழே இறங்கும் கோடும் மேலே ஏறும் சுழியும் இடித்துக்கொள்ளும். நீங்கள் வைத்திருக்கும், எழுத்தளவில் 1.2 மடங்கு வரி உயரம் ஆங்கிலத்துக்கே நெருக்கடி. தமிழ்ப் பத்திக்கு 1.6-இல் தொடங்கி 1.8 வரை வைத்துப் பாருங்கள். மேற்கோளைச் சாய்வெழுத்தில் போட்டிருக்கிறீர்கள். தமிழ் ஃபான்ட்களில் சாய்வுக்கென்று வரைந்த எழுத்து அநேகமாக இருக்காது, பிரவுசர் நேரெழுத்தையே பிடித்துச் சாய்த்துக் காட்டுகிறது, பார்க்கச் சகிக்கவில்லை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வித்தியாசமும் கிடையாது. ஆகவே அழுத்தம் கொடுக்க அளவும் தடிமனும் நிறமும் மட்டுமே நம்மிடம் உண்டு. தடிமனுக்கு, பல எடைகளில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரியான ஃபான்ட்டை எடுங்கள். இப்போது நீங்கள் எடுத்திருப்பதில் தமிழ் எழுத்துகளே இல்லை. ஃபிக்மாவிலும் பிரவுசரிலும் நீங்கள் கண்ட தமிழ், கணினி தானாகக் கொண்டுவந்து போட்ட வேறொரு ஃபான்ட். அதனால்தான் தோழியின் போனில் வேறு மாதிரி தெரிந்தது. பக்கத்தின் தொடக்கத்தில் வரும் எச்டிஎம்எல் டேகில் மொழி தமிழ் என்று குறிப்பிடவும் மறந்திருக்கிறீர்கள். அது இருந்தால்தான் ஸ்க்ரீன் ரீடர் தமிழ்க் குரலுக்கு மாறும்.

நிறத்தில் ஒரே ஒரு புகார். வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற நிற எண்ணுள்ள சாம்பல் எழுத்து. வெப் அணுகல் வழிகாட்டிகள் சாதாரண எழுத்துக்குக் கேட்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5:1, இதில் 2.85:1 தான் இருக்கிறது. வெயிலில் நின்று போனைப் பார்க்கும் யாருக்கும், கண் நன்றாகத் தெரிந்தவருக்கும்கூட, இது மங்கல்தான். #767676 வைத்தால் வரம்பைத் தாண்டிவிடும். நானாக இருந்தால் இன்னும் கறுப்பாகவே வைப்பேன்.

வரிக்கு வரி "சிறந்த நூலகம்" என்று திணித்திருப்பது தேடலில் மேலே வருவதற்காக என்று நினைக்கிறேன். வேண்டாம். தேடுபொறிக்காகக் கோட் வரிகளின் தலைப்பகுதியில் மறைவாகப் போட்டிருக்கும் முப்பது மெட்டா கீவேர்டுகளையும் எடுத்துவிடலாம். தேடல் வரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அதற்கேற்ற தலைப்பும் தேடல் முடிவில் காட்டக்கூடிய இரண்டு வரி மெட்டா விளக்கமும் உருப்படியாக எழுதினால் போதும்.

அப்புறம் ஏஐ. நீங்கள் அனுப்பிய பத்தியைப் போல ஆயிரம் பத்திகளை அது நொடியில் தரும், அதுவும் உங்களைவிட வழவழப்பாக. அந்த மாதிரி எழுத்தைக் கற்பது வீண்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை விடுமுறை என்பது அதற்குத் தெரியாது. தொலைந்த புத்தகத்துக்கு என்ன விதி என்பது தெரியாது. போய்க் கேட்டு வந்தவருக்குத்தான் தெரியும். தெரியாததை அது சும்மா விட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை, தானாக ஒரு நேரத்தைப் போட்டு வைக்கும், அதை நம்பி ஒருவர் பூட்டிய கதவு முன் வந்து நிற்பார். விசாரித்துக் கொண்டுவந்த குறிப்புகளைக் கொடுத்து, "இதை ஐந்து வரிக்குள் சுருக்கு" என்றோ "புரியாத இடம் எது" என்றோ கேளுங்கள். அதற்கு நல்ல உதவியாள். வரும் ஒவ்வொரு எண்ணையும் உங்கள் குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஐந்து பக்கங்களில் "எங்கள் நோக்கம்" என்ற பக்கத்தில் ஒரு புகைப்படமும் நான்கு வரிகளும்தான் இருக்கின்றன. அதை எடுத்துவிட்டு, போன் எடுக்கிறவர் சொன்ன கேள்விகளுக்கு அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். எண்ணிக்கை ஐந்தாகவே இருக்கும், ஆசிரியரிடம் தகராறு வராது. ஒப்படைக்கும் முன் இந்தத் தளத்தைப் பார்த்திராத ஒருவரிடம் போனைக் கொடுத்து, "ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் திறந்திருக்குமா, பார்த்துச் சொல்" என்று கேளுங்கள். அவர் தேடும்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் கஷ்டம்.

வேலை தேடும்போது காட்டும் தொகுப்பில் பழைய முகப்பையும் புதிய முகப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் மாற்றினீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். ஆள் எடுக்கிறவர்கள் அழகான டிசைன்களைத் தினமும் பார்க்கிறார்கள், காரணம் சொல்லத் தெரிந்தவர்களைத்தான் தேடுகிறார்கள். தளம் ஏறியதும் லிங்க் அனுப்புங்கள். நான் போனில்தான் திறப்பேன்.